தேயிலை ஆலையில் ‘ஸ்மார்ட்’ மெஷின்: கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி தாங்குவாரா?

நீங்கள் கேட்டது இது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் குடும்பமாக நடத்தும் தேயிலை ஆலை. சொந்தத் தோட்டம் கிடையாது, சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்கள்) வரும் பச்சைத் தேயிலைதான். சீசனில் ஒரு நாளைக்கு 20,000 கிலோ வரும். இலையைப் பரப்பிக் காற்றடித்து வாட்டும் ட்ரஃப், வாடிய இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலர், டிரையர், இலை எடை போடும் மெஷின் எல்லாவற்றையும் நெட்டில் இணைத்து போனிலேயே பார்க்கும்படி செய்து தருகிறோம் என்று ஒரு கம்பெனி கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. அப்பாவுக்கும், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கருக்கும் விருப்பமில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு தம்பி. வியாபாரத்தில் உண்மையில் என்ன மாறும், அந்தத் தம்பியால் சமாளிக்க முடியுமா?

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்து ஆலைகளில் இருபது வருடத்துக்கும் மேலாக பேனல் போர்டும் கேபிளுமாக அலைகிறவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம்.

தம்பியால் முடியும். ஆனால் இப்போது அவர் எந்த நேரக் கணக்கில் வேலை பார்க்கிறாரோ, அந்தக் கணக்கில் முடியாது. இன்றைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் பில் நாளைக்குப் போடலாம், பட்டுவாடா ஒரு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். மெஷின்களை இணைத்த பிறகு அப்படி இல்லை. பறித்த கொழுந்து மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. சாக்கில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். ட்ரஃப்பில் 12 மணி நேரத்துக்கு மேல் காற்றடித்து வாட்ட வேண்டும். சி.டி.சி. ரோலரில் நசுங்கி விழுந்த பின் ஏறக்குறைய ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் டிரையருக்குள் போயாக வேண்டும், இல்லாவிட்டால் கோப்பையில் கெட்டுப்போன வாடைதான் மிஞ்சும். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் நின்றால் தம்பி காலை ஒன்பது மணிக்குச் சாவகாசமாக வந்து பார்க்க முடியாது. இதுவரை அவர் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்தார். இனி கொழுந்தின் கடிகாரம்தான். கொட்டேஷனில் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காத செலவு இது.

சரி, இந்த ‘ஸ்மார்ட்’ என்பது என்ன? பெயர் புதுசு, பாதிச் சரக்கு பழசு. ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் 2011-ல் ‘இண்டஸ்ட்ரி 4.0’ என்று பெயர் வைத்தார்கள். ஆனால் மெஷினை ஓட்டும் பி.எல்.சி. என்ற பெட்டி 1960-களின் கடைசியிலேயே, அமெரிக்க கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் கேட்டதால், வந்துவிட்டது. உங்கள் டிரையர் பேனலில் உள்ள மீட்டர்கள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் என்ற மொழி 1979-ல் வந்தது. புதுசு எது என்றால், சென்சார் விலை இறங்கிவிட்டது. தனித்தனியாக இருந்த பெட்டிகளை ஒரே கம்பியில் கோர்த்து, எல்லா எண்களையும் ஒரே இடத்தில் சேர்க்க முடிகிறது. லாபமும் அங்கேதான், தலைவலியும் அங்கேதான்.

லாபத்தை ஒரு கணக்காகவே பார்த்துவிடலாம். சுமார் 4.3 கிலோ பச்சைத் தேயிலைக்கு ஒரு கிலோ தூள் என்று வைத்தால் உங்கள் 20,000 கிலோவுக்கு ஏறக்குறைய 4,600 கிலோ தூள் வரும். டிரையரை விட்டு வெளியே வரும்போது அதில் ஈரம் 3 சதவீதம் அளவில் இருந்தால் நல்லது. டிரையர் ஆள் பயந்துகொண்டு, ‘ஈரமாக இருக்குன்னு யாராவது சொல்லிடப் போறாங்க’ என்று கொஞ்சம் கூடவே காயவிட்டு 2 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அதே தூள் 47 கிலோ குறைந்து நிற்கும். கணக்குக்காக ஒரு கிலோ 100 ரூபாய் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 4,700 ரூபாய் தண்ணீர் ஆவியாகப் போய்விட்டது, அதை ஓட்ட எரித்த விறகு தனி. பல ஆலைகளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாம்பிள் எடுத்து ஈரம் பார்க்கிறார்கள். நடுவில் நடப்பது யாருக்கும் தெரியாது. உள்ளே போகும் காற்றின் சூடு, வெளியே வரும் காற்றின் சூடு, டிரையருக்குள் இலையைத் தள்ளும் ஃபீடரின் வேகம் மூன்றையும் நிமிடத்துக்கு நிமிடம் பதிந்து வைத்தாலே எந்த ஷிஃப்டில் அதிகம் காய்கிறது, விறகு தள்ளுபவர் டீ குடிக்கப் போனால் சூடு எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் ஒரே வாரத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இன்னொன்று ட்ரஃப் ஃபேன்கள். ராத்திரி முழுக்க ஓடுபவை. ஃபேனின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், ஏனென்றால் ஃபேனுக்கு வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. கொழுந்து பாதி வாடிய பிறகு முழு வேகம் தேவையே இல்லை. இதற்கு மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் என்ற பெட்டி ஒன்று போதும். இன்டர்நெட் வேண்டாம், கிளவுட் என்று வெளியே எங்கோ இருக்கும் சர்வர் வேண்டாம், மாத வாடகை வேண்டாம். ‘ஸ்மார்ட்’ என்று கொட்டேஷனில் வருவதில் நல்ல பங்கு இப்படிச் சாதாரண டிரைவும் டைமரும்தான். எது எலக்ட்ரிகல் வேலை, எது உண்மையிலேயே இணைப்பு வேலை என்று இரண்டாகப் பிரித்து விலை கேளுங்கள். பாதிப் பக்கம் மெலிந்துவிடும்.

இப்போது டீ மேக்கரிடம் வருவோம். அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று உட்கார்ந்து கேட்டீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு டீ மேக்கர், ராத்திரி ட்ரஃப் ஓரமாக நடந்துகொண்டே ஒரு கைப்பிடி கொழுந்தை அள்ளி, உருண்டையாக அழுத்தி, கையைத் திறந்து பார்ப்பார். உருண்டை படக்கென்று விரிந்தால் இன்னும் வாட வேண்டும். மெதுவாக அவிழ்ந்தால் ரோலருக்கு அனுப்பலாம். கூடவே தண்டை ஒடித்துப் பார்ப்பார், சத்தம் வருகிறதா என்று. நசுக்கிய இலை நிறம் மாறிப் பதமாகும் ஃபெர்மென்டிங் அறையில் மூக்குதான் அவருடைய மீட்டர். அந்த ஆலையில் தானியங்கி முறை போட்டோம். ட்ரஃப்புக்குக் கீழே இரண்டு வெப்பமானி: ஒன்று சாதாரணமானது, இன்னொன்றின் நுனியில் ஈரத்திரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று மெஷின் கணக்கிடும். ஈரம் அதிகம் என்றால் சூடான காற்றைக் கலக்கும். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி அவர் போன் செய்தார். ‘சார், உங்க கம்ப்யூட்டர் இலையைச் சுடுது.’

போய்ப் பார்த்தால் திரி காய்ந்து கிடந்தது. டப்பாவில் தண்ணீர் ஊற்ற யாருக்கும் சொல்லப்படவில்லை. திரி காய்ந்தால் இரண்டு வெப்பமானியும் ஒரே எண்ணைக் காட்டும். அப்படியென்றால் காற்று முழுக்க ஈரம், வெளியே கெட்டியான மூடுபனி என்று மெஷின் முடிவு கட்டும். அது பாட்டுக்குச் சூட்டை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது. வெளியே நட்சத்திரம் தெரிகிற ராத்திரி! போனில் ஆப்பைத் திறந்து பார்த்த முதலாளிக்கு எல்லாம் பச்சையாகத்தான் தெரிந்திருக்கிறது. கொழுந்து சுடுகிறது என்று கண்டுபிடித்தது டீ மேக்கரின் உள்ளங்கை. அதற்குப் பிறகு ஈரத்திரியை எடுத்துவிட்டு வேறு வகை சென்சார் வைத்தோம். அதிலும் தேயிலைப் பஞ்சு படியும், வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். அந்த வேலைக்கு டீ மேக்கரையே பொறுப்பாக்கினோம். தன் கையில் இருப்பதைக் கெடுக்க வந்ததாக அவர் நினைத்த பொருள் அவர் பொறுப்புக்கே வந்துவிட்டது. இப்போது அவர்தான் ‘சென்சார் பொய் சொல்லுது’ என்று முதலில் சொல்பவர், பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி.

வியாபாரத்தில் பெரிய மாற்றம் டிரையரிலும் ட்ரஃப்பிலும் வராது என்பது என் கணிப்பு. இலை எடை போடும் இடத்தில்தான் வரும். எடை மெஷினை இணைத்து, மூட்டை வைத்ததும் விவசாயியின் போனுக்கு எடை போகும்படி செய்யலாம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நல்ல வசதிதான். ஆனால் மழை நாளில் ஈரத்துக்காக, முற்றிய இலைக்காக நீங்கள் கழிக்கிறீர்களே, அந்தக் கழிவும் இனி எண்ணாகக் கண்ணில் படும். இன்று வாயால் சொல்லி, விவசாயியிடமிருந்து இலை சேகரித்துத் தரும் லீஃப் ஏஜெண்ட் நடுவில் நின்று சமாளிப்பது நாளைக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்டாக ஹட்டி முழுக்கச் சுற்றும். பக்கத்து ஆலையின் ஸ்கிரீன்ஷாட்டும் அதன் பக்கத்திலேயே இருக்கும். ஏல விலையில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு ஆலைக்கு என்று தேயிலை வாரியத்தின் பங்கீட்டுக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. மாத விலை எவ்வளவு வர வேண்டும் என்று விவசாயிக்குத் தெரியும். எடையும் கழிவும் துல்லியமாகக் கையில் வந்துவிட்டால் மீதிக் கணக்கை அவரே போட்டுவிடுவார். கழிவு நியாயமாக இருக்கும் ஆலைக்கு இது பெரிய பலம், இலை தேடி வரும். அப்படி இல்லாத ஆலை, மெஷினை இணைக்கும் முன் கழிவு விதியை ஒரு தாளில் எழுதி எடை மேடையில் ஒட்டட்டும். தாளே ஒட்ட முடியாத விதியை சாஃப்ட்வேரில் போட்டால் மாட்டிக்கொள்வது முதலாளிதான்.

இதையும் சொல்லிவிட வேண்டும். இணைப்பு உங்கள் தூளுக்கு விலையை ஏற்றிக் கொடுக்காது. ஊட்டியில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இந்துநகர் ஃபிலிம் ஃபேக்டரி. 1960-ல் ஆரம்பித்த அரசு நிறுவனம், அந்தக் காலத்தில் நாட்டிலேயே நவீனமான மெஷின்கள். உலகம் ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்குப் போனபோது எவ்வளவு நன்றாக ஃபிலிம் பூசினாலும் வாங்க ஆளில்லை. குன்னூர் ஏலத்தில் உங்கள் தூளுக்கு விலை வைப்பவர் கோப்பையில் ஊற்றிப் பார்த்துதான் வைக்கிறார். இணைப்பால் மிச்சமாவது விறகு, மின்சாரம், வீணாகும் எடை. அப்புறம் தினமும் ஒரே மாதிரித் தூள் வரும் என்பது. அந்த அளவுக்கு எதிர்பார்த்தால் ஏமாற்றம் இல்லை.

இனி ஐ.டி. பக்கம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கொட்டேஷன் கொடுப்பவர்கள் வாய் திறக்காத பகுதி இதுதான்.

சில வருடங்களுக்கு முன், சீசன் உச்சத்தில், நான் போய் வரும் ஒரு ஆலையில் நடந்தது. ஆபீஸ், எடை மேடை, டிரையர் கம்ப்யூட்டர் எல்லாம், நெட்வொர்க் கேபிள்களைச் சேர்க்கும் ஒரே சுவிட்ச் பெட்டியில் செருகியிருந்தன. கேபிள் மிச்சம் என்று யாரோ செய்தது. கணக்கு எழுதும் பெண் ‘இன்வாய்ஸ்’ என்று வந்த மெயிலைத் திறந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்குத் தினமும் இன்வாய்ஸ்தான் வரும். மத்தியானத்துக்குள் எல்லாத் திரையிலும் பணம் கேட்டு ஒரே வாசகம். எடை மேடையில் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார்கள், பரவாயில்லை. டிரையரின் பி.எல்.சி. தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்ட் போய் வந்தது. மறுபடி எழுந்த பி.எல்.சி., எத்தனை டிகிரியில் ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரைக் கேட்டது. கம்ப்யூட்டரில் அந்தச் சிவப்புத் திரைதான் இருந்தது. டிரையர் நின்றுவிட்டது. ஃபெர்மென்டிங் பெல்ட்டில் தூள் கிடக்கிறது, ட்ரஃப் முழுக்க இலை, வாசலில் இரண்டு லாரி.

காப்பாற்றியது என்ன தெரியுமா? டிரையர் பக்கத்துச் சுவரில், புதுப் பேனல் வருவதற்கு முன்பு சாக்பீஸால் எழுதியிருந்த எண்கள். வெள்ளையடிக்கும்போது யாரோ அந்த இடத்தை மட்டும் விட்டிருந்தார்கள். அதைப் பார்த்து பேனலில் கையால் எண்ணைக் கொடுத்து ஓட்டினோம். லாரியில் வந்த இலை பக்கத்து ஆலைக்குப் போனது. பெல்ட்டில் கிடந்தது குப்பைக்கு.

பெரிய இடங்களிலும் கதை இதுதான். 2021-ல் அமெரிக்காவில் கொலோனியல் என்ற பெட்ரோல் குழாய் கம்பெனியின் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இப்படி முடக்கிப் பணம் கேட்டார்கள். குழாயை இயக்கும் மெஷின்களுக்குப் பரவிவிடுமோ என்ற பயத்தில் குழாயையே நிறுத்த வேண்டியதாயிற்று, பல நாள் நின்றது. 2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி., உலகின் பெரிய சிப் தயாரிப்பாளர், புதிதாக வந்த ஒரு மெஷினை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் செருகியது. பழைய விண்டோஸில் ஓடிய மெஷின்களெல்லாம் வரிசையாக விழுந்தன. அங்கே மெயில் இல்லை, உள்ளே கொண்டுவந்து வைத்த மெஷினே வழி. சர்வீஸுக்கு வருபவரின் பென் டிரைவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தம்பி முதலில் செய்ய வேண்டியது, ஆபீஸையும் மெஷின் பக்கத்தையும் இரண்டு தனி நெட்வொர்க்காகப் பிரித்து, நடுவில் ஒரே ஒரு கதவு வைப்பது. ஃபயர்வால் என்ற பெட்டிதான் கதவு. மெஷின் பக்கத்திலிருந்து எண்கள் ஆபீஸுக்கு வரலாம். ஆபீஸிலிருந்தோ இன்டர்நெட்டிலிருந்தோ கட்டளை எதுவும் மெஷினுக்குப் போகக் கூடாது. ஏன் இவ்வளவு கறார் என்றால், அந்த 1979 மோட்பஸ் மொழிக்குப் பாஸ்வேர்டு என்ற யோசனையே கிடையாது. ‘நீ யார்’ என்று கேட்கத் தெரியாத மொழி அது. கம்பியில் யார் வந்து ‘சூட்டை 40 டிகிரி ஏற்று’ என்றாலும் ஏற்றும். மெஷின்கள் தனியாக ஒரு அறையில் இருந்த காலத்தில் அது குற்றமில்லை.

போனிலிருந்து டிரையரை இயக்கலாம் என்று அவர்கள் ஆசை காட்டுவார்கள். வேண்டாம். போனில் பார்க்க மட்டும் வழி இருக்கட்டும். கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரையர் சூட்டை மாற்ற உங்களுக்கு என்ன அவசியம்? பக்கத்திலேயே ஆள் நிற்கிறார்.

அடுத்தது, சப்ளையர் பேனலுக்குள் வைத்துவிட்டுப் போகும் சிறிய 4ஜி ரவுட்டர். ‘பிரச்சினை வந்தா அங்கிருந்தே பார்த்துக்கிறோம்’ என்பார்கள். வசதிதான், மலைக்கு ஒரு சர்வீஸ் ஆள் ஏறி வர அரை நாள் ஆகும். ஆனால் அந்த ரவுட்டர் உங்கள் வீட்டுப் பின்வாசல், சாவி வேறொருவர் பையில். நான் பார்த்த ஒரு ரவுட்டரில் கம்பெனியிலிருந்து வந்தபடியே பாஸ்வேர்டு ‘அட்மின்’ என்றே இருந்தது, நான்கு வருடமாக. அதற்கு ஒரு ஸ்விட்ச் வையுங்கள். அவர்கள் கேட்கும்போது ஆன், வேலை முடிந்ததும் ஆஃப். எப்போது, யாருக்காக என்று ஒரு நோட்டில் எழுதட்டும். நாட்டு மருந்து மாதிரித் தெரியும், வேலை செய்யும்.

விண்டோஸ் அப்டேட் விஷயத்தில் தம்பிக்குப் பழைய பாடம் உதவாது. ஆபீஸில் அப்டேட் வந்ததும் போடுவது நல்ல பழக்கம். டிரையர் கம்ப்யூட்டரில் ராத்திரி அது தானாக ரீஸ்டார்ட் ஆனால் என்ன நடக்கும் என்று மேலே பார்த்தோம். ஆபீஸ் கம்ப்யூட்டரை ஐந்தாறு வருடத்தில் மாற்றுவோம், டிரையர் பேனல் இருபது வருடம் ஓடும். மைக்ரோசாஃப்ட் 2014-லேயே கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்.பி. இன்னமும் சில பேனல்களில் மூச்சு விடுகிறது. மாற்ற முடியாததை மாற்ற வேண்டாம், ஆனால் அதற்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் அந்தக் கதவு இருந்தாக வேண்டும். அப்டேட் எல்லாம் இலை குறைவாக வரும் உறைபனி மாதங்களில், டிரையர் ஓடாத பகலில், டீ மேக்கருக்குச் சொல்லிவிட்டு.

கடிகாரத்தைப் பற்றி ஒரு சிரிப்புக் கதை. ஒரு ஆலையில் முதலாளி ட்ரஃப் நிரப்பும் ஆட்களைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டின்படி ட்ரஃப்பில் இலை நிரப்புவது காலை பத்தரைக்கு, எடை மேடை ரசீதுப்படி இலை வந்ததே மத்தியானம் மூன்றரைக்கு. வராத இலையை நிரப்பியதாகக் கணக்குக் காட்டுகிறார்கள், ஏதோ தில்லுமுல்லு என்று அவருக்குச் சந்தேகம். பார்த்தால் ட்ரஃப் பக்கத்துப் பெட்டி லண்டன் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ஐந்தரை மணி நேரம் பின்னால். உண்மையில் இலை நாலு மணிக்கு ட்ரஃப் ஏறியிருக்கிறது. எல்லாப் பெட்டிகளும் ஒரே கடிகாரத்தைப் பார்க்கும்படி செய்வது தம்பிக்கு அரை நாள் வேலை. செய்யாவிட்டால் சேர்த்த எண்களை ஒன்றோடொன்று பொருத்த முடியாது, அநியாயமாக ஆட்களைத் திட்ட வேண்டியும் வரும்.

பி.எல்.சி.க்குள் இருக்கும் புரோகிராம் யாருடையது? இதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போகிற சப்ளையர்கள் உண்டு. ஐந்து வருடம் கழித்து அந்தக் கம்பெனி இல்லாமல் போனால் ஒரு டைமரை மாற்றக்கூட உங்களால் முடியாது, முழுப் பேனலையும் பிடுங்க வேண்டும். புரோகிராமின் பிரதியும் பாஸ்வேர்டும் உங்கள் பீரோவில் இருக்க வேண்டும். அதே மாதிரி, எண்கள் எல்லாம் அவர்களுடைய கிளவுடில் மட்டும் சேர்ந்தால், வருட வாடகை கட்டாத அன்று உங்கள் ஆலையின் ஐந்து வருடச் சரித்திரம் மறைந்துவிடும். முதலில் ஆலையிலேயே ஒரு பெட்டியில் சேரட்டும், அங்கிருந்து ஒரு பிரதி மேலே போகட்டும்.

நம் மலைக்கு இந்த வரிசை இன்னும் முக்கியம். 2009 நவம்பர் மண்சரிவின்போது குன்னூர், கோத்தகிரிச் சாலைகள் என்ன ஆயின என்று அப்பாவுக்கு நினைவிருக்கும். இன்டர்நெட் கேபிளும் அதே சாலையோரமாகத்தான் வருகிறது. லைன் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் ஆலை ஓட வேண்டும், எண்கள் உள்ளே சேர்ந்துகொண்டிருக்க வேண்டும், லைன் வந்ததும் விட்ட இடத்திலிருந்து மேலே போக வேண்டும். எம்.க்யூ.டி.டி. என்று ஒரு முறை உண்டு, 1999-ல் எண்ணெய்க் குழாய்களைத் திக்கித் திணறும் சேட்டிலைட் இணைப்பில் கவனிப்பதற்காகச் செய்தது. மோசமான லைனுக்கென்றே பிறந்தது என்பதால் நமக்குப் பொருந்தும். அதை வைத்து, விட்டுப்போன எண்களைச் சேமித்து அனுப்பும்படி செய்து தருவீர்களா என்று கேளுங்கள். இடியும் உண்டு. ட்ரஃப் கட்டிடத்துக்கும் ஆபீஸுக்கும் நடுவில் சாதாரண நெட்வொர்க் கேபிள் இழுத்தால், ஏதோ ஒரு ஏப்ரல் மழையில் இரண்டு பக்கத்து சுவிட்ச்சும் கருகும். கட்டிடத்துக்குக் கட்டிடம் ஃபைபர்தான், அது மின்சாரத்தைக் கடத்தாது.

சட்டமும் கொஞ்சம். செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இப்படித் தாக்குதல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கம்ப்யூட்டர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கம்பெனி சிறிது பெரிது என்று அதில் பார்க்கவில்லை. விவசாயிகளின் போன் எண், வங்கிக் கணக்கு எல்லாம் எடை மெஷின் வழியாகச் சேரப்போகின்றன என்பதால் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்கள் ஆலை வாசலுக்கு வரும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்ற பட்டியல் சப்ளையரின் கிளவுடில் இருந்து கசிந்தாலும், விவசாயி வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

இத்தனையும் ஒரு ஆளா? பகலில் ஒருவர் போதும். ஆனால் ராத்திரிக்கு உங்கள் எலக்ட்ரீஷியனைத் தம்பியோடு சேர்த்து உட்கார வையுங்கள். பல ஆலைகளில் இவர்கள் இருவரும் வெவ்வேறு நாட்டுக்காரர்கள் மாதிரி. எலக்ட்ரீஷியனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம், தம்பிக்கு 415 வோல்ட் என்றால் பயம், இரண்டு பயமும் நியாயமானவைதான். தம்பி எலக்ட்ரீஷியனுக்குக் கற்றுத்தர வேண்டியது, எந்த விளக்கு எரிந்தால் நெட்வொர்க் உயிரோடு இருக்கிறது, எந்தப் பெட்டியை அணைத்துப் போட்டால் ஆபத்தில்லை என்பது. எலக்ட்ரீஷியன் தம்பிக்குக் காட்ட வேண்டியது, டிரையரைக் கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படி ஓட்டுவது என்பது. இரண்டு மூன்று மத்தியானம் போதும். தம்பியின் சம்பளத்தையும் கொஞ்சம் பாருங்கள். ராத்திரிப் போனை எடுக்கிறவருக்குப் பகல் சம்பளம் மட்டும் கொடுத்தால் திருப்பூர்க்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த ஜனவரியில் டிரையரையும் ட்ரஃப் ஃபேன்களின் மின் மீட்டரையும் மட்டும் இணைப்பேன், பார்ப்பதற்கு மட்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசன் ஓடட்டும். அந்த எண்களை வைத்து ஈரம், விறகு, கரண்ட் மூன்றிலும் என்ன மிச்சம் என்று டீ மேக்கரும் அப்பாவும் உட்கார்ந்து பார்க்கட்டும். எடை மெஷின் அதற்கு அடுத்த வருடம், கழிவு விதியை ஒட்டிய பிறகு. சி.டி.சி.க்கு இப்போதைக்கு ரோலர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எண்ணும் மீட்டர் போதும். அதிர்வு சென்சார், செயற்கை நுண்ணறிவு என்று கொட்டேஷனில் மூன்றாம் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அடித்துவிடுங்கள்.

அந்தக் கம்பெனி டெமோ காட்ட வரும்போது, அவர்கள் ஏற்கெனவே செய்து கொடுத்த ஒரு ஆலைக்கு உங்களைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். டிரையர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துச் செருகினால் அந்தப் பத்து நிமிட எண்களும் திரையில் வந்து சேர வேண்டும். பிறகு, டிரையர் காலியாக இருக்கும் நேரம் பார்த்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பேனலுக்குக் கரண்டை நிறுத்திக் கொடுக்கச் சொல்லுங்கள், அது யாரிடமும் கேட்காமல் பழைய சூட்டுக்கே திரும்புகிறதா என்று பார்க்க. கேபிளைத் தொட வேண்டாம் என்று அவர்கள் தடுத்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். தொட விட்டால், கொட்டேஷனில் பி.எல்.சி. மாடல் எண் எழுதியிருக்கும் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.